நொதிக்கான மரபணுப் பாகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கோத்தால் போதுமா?

கேள்வி இதுதான்: செயற்கை உயிரியலில் பயன்படும் மரபணுப் பாகங்களின் பட்டியலில் ப்ரொமோட்டர் (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம்), டெர்மினேட்டர் (படிப்பதை நிறுத்தும் இடம்) ஆகியவற்றோடு நொதிகளுக்கான பாகங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து மற்றவற்றோடு கோத்து ஈ.கோலை பாக்டீரியத்துக்குள் போட்டால் நொதி வேலை செய்துவிடுமா? ஒரே வேலைக்கு நாலைந்து பாகங்கள் இருந்தால் எதை எடுப்பது?

டிஎன்ஏ கோத்துக்கொள்ளும், அதில் பெரிய சந்தேகம் வேண்டாம். நொதி வேலை செய்யுமா என்பது வேறு சங்கதி. பாகங்களின் தரநிலை உறுதி தருவது முதல் விஷயத்துக்கு மட்டும்தான். ஒரு ப்ரொமோட்டர் தன் வேலைக்கு வேண்டியதைக் கிட்டத்தட்ட எந்த ஈ.கோலையிலும் கண்டுகொள்ளும், அதற்குத் தேவை டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் ஆர்என்ஏ பாலிமரேஸ், அவ்வளவுதான். நொதிக்கோ அது மாற்ற வேண்டிய மூலப்பொருள் வேண்டும், பல நேரம் துணைக்காரணி (நொதி இயங்க உடன் தேவைப்படும் பொருள்) வேண்டும், சரியான வெப்பநிலையில் சரியாக மடிய வேண்டும், செல்லின் சரியான இடத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எதுவுமே டிஎன்ஏ வரிசையில் எழுதியிருக்காது. அதனால் நொதிப் பாகத்தைப் பொறுத்தவரை வரிசையைவிட அதோடு வரும் விவரக்குறிப்புதான் முக்கியம் என்பேன்.

முதலில் கோப்பதைப் பார்த்துவிடுவோம். எம்ஐடியில் டாம் நைட் 2003-இல் முன்வைத்த பயோபிரிக் முறையில் ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் எக்கோஆர்1, எக்ஸ்பிஏ1 என்ற வெட்டு நொதிகளுக்கான இடங்களும், பின்னால் எஸ்பிஇ1, பிஎஸ்டி1 இடங்களும் இருக்கும்; இரு பக்கமும் நாட்1 இடமும் உண்டு. எக்ஸ்பிஏ1, எஸ்பிஇ1 இரண்டும் விட்டுச்செல்லும் ஒட்டுமுனை ஒன்றுதான் என்பதால் ஒன்றின் வால் மற்றதன் தலையோடு ஒட்டும். ஒட்டிய இடத்தை இவ்விரண்டில் எதனாலும் மறுபடி வெட்ட முடியாது. எத்தனை பாகம் வேண்டுமானாலும் இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து நீட்டலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு, நொதிப் பாகத்துக்கு அது கொஞ்சம் கூடுதல். பாகத்தின் உள்ளே இந்த ஐந்து வெட்டிடங்களில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ப்ரொமோட்டர் முப்பது நாற்பது எழுத்து. அதில் தற்செயலாக இவை வர வாய்ப்பு குறைவு. நொதியின் மரபணு ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து. எக்கோஆர்1 தேடும் ஆறெழுத்து வரிசை ஜிஏஏடிடிசி. அது வாசிப்புச் சட்டகத்தோடு (செல் மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசையோடு) ஒத்து வந்தால் குளூட்டமிக் அமிலம், ஃபினைல்அலனின் என்று படிக்கப்படும். ஜிஏஏ-வை ஜிஏஜி ஆக்கினால் அமினோ அமிலம் மாறாது, வெட்டிடம் போய்விடும். இப்படி ஒவ்வொன்றாகத் திருத்திய மரபணுதான் பட்டியலில் ஏறும். ஆகவே பட்டியலில் இருக்கும் வரிசை, இயற்கையான உயிரியில் இருக்கும் வரிசையேதான் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல், இரண்டு நொதிகளை ஒரே புரதமாக இணைக்க நினைப்பவர்களுக்கு. புரத மரபணுவுக்கு முன்னால் ஒட்டும்போது நடுவில் டிஏசிடிஏஜி என்ற ஆறெழுத்துத் தழும்பு விழும். அதைச் சட்டகத்தோடு படித்தால் முதலில் டைரோசின், அடுத்தது டிஏஜி, அதாவது நிறுத்தக் கோடான் (ஓர் அமினோ அமிலத்தையோ நிறுத்தத்தையோ குறிக்கும் மூன்றெழுத்துதான் கோடான்). முதல் நொதியோடு மொழிபெயர்ப்பு நின்றுவிடும். இதைத் தவிர்க்கத்தான் பெர்க்லியில் உருவான பிஜிஎல்பிரிக் போன்ற மாற்றுத் தரநிலைகள் வந்தன; அதன் தழும்பு கிளைசின், செரின் என்று படிக்கப்படும், தொல்லை இல்லாத சிறிய இணைப்பு. இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது கோல்டன் கேட் வகை. அதில் வரும் பிஎஸ்ஏ1 தான் அடையாளம் காணும் இடத்துக்கு வெளியே வெட்டும் என்பதால் நாலெழுத்து ஒட்டுமுனையை நாமே தீர்மானிக்கலாம். பழைய பாகத்தை எடுப்பதற்கு முன் அது எந்தத் தரநிலையில் செய்யப்பட்டது, உள்ளே பிஎஸ்ஏ1 இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த விஷயத்தில் இதற்கு மேல் கவலைப்பட வேண்டியதில்லை. மரபணுவைப் புதிதாக எழுதி வாங்கும் காலத்தில் கோப்பது முடிந்துபோன பிரச்சினை.

எவ்வளவு நொதி உண்டாகும் என்பதில்தான் முதல் வழுக்கல். புரதத்தைச் செய்யும் ரைபோசோம் வந்து அமரும் ரைபோசோம் பிணைப்பிடத்தை வலுவானது, மிதமானது, பலவீனமானது என்று பட்டியலில் தரம் பிரித்திருப்பார்கள். அந்தத் தரம் பெரும்பாலும் ஒளிரும் புரதம் ஒன்றை வைத்து அளந்தது. உங்கள் நொதியோடு அதே தரம் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, ஏனென்றால் தூதர் ஆர்என்ஏவில் பிணைப்பிடமும் மரபணுவின் முதல் சில பத்து எழுத்துகளும் சேர்ந்துதான் மடிகின்றன. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே பச்சை ஒளிர் புரதத்துக்கு, அமினோ அமிலம் எதுவும் மாறாமல், கோடான்களை மட்டும் மாற்றி 154 மரபணுக்கள் செய்தார்கள். ஈ.கோலையில் ஒளிர்வு 250 மடங்கு வரை வேறுபட்டது. அந்த வேறுபாட்டில் பெரும்பகுதிக்குக் காரணம் தொடக்கக் கோடான் அருகே ஆர்என்ஏ எவ்வளவு இறுக்கமாக மடிகிறது என்பதே. மரபணு முழுவதும் ஈ.கோலைக்குப் பிடித்த கோடான்களாக இருக்கிறதா என்பது அந்த அளவுக்குப் பொருட்படவில்லை. ‘கோடான் சீர்செய்யப்பட்டது’ என்ற முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அர்ஜினினுக்கான ஏஜிஜி, ஏஜிஏ போன்ற அரிய கோடான்கள் வரிசையாக வந்தால் தொல்லைதான். மற்றபடி முதல் நாற்பது எழுத்தின் மடிப்பைக் கணித்துப் பார்ப்பது கூடுதல் பயன் தரும்.

அதிகம் உண்டாவதும் நல்லதல்ல. மிக வலுவான டி7 ப்ரொமோட்டரில் வைத்து, 37 டிகிரியில், முழு வேகத்தில் ஓட்டினால் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தடித்த பட்டை தெரியும், பார்க்க மனது குளிரும். செல்லை உடைத்துச் சுழற்றிப் பார்த்தால் அந்தப் பட்டை முழுக்க அடியில் படிந்த வண்டலில் இருக்கும். மேலே தெளிந்த நீரில் ஒன்றும் இருக்காது. மடியாமல் திரண்டுபோன புரதம் அது. வெப்பநிலையை 16, 18 டிகிரிக்கு இறக்கி, தூண்டும் வேதிப்பொருளைக் குறைத்து, இரவு முழுக்க விட்டால் பல நொதிகள் கரையும் வடிவில் கிடைக்கும். ஒரு பாகத்தின் பக்கத்தில் ‘வெளிப்பாடு உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதி ஜெல் படம் மட்டும் போட்டிருந்தால், அது மொத்தச் செல்லின் ஜெல்லா, கரைந்த பகுதியின் ஜெல்லா என்று முதலில் தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் மொத்தச் செல் என்றே வைத்துக்கொள்வேன்.

எங்கே மடிகிறது என்பதும் கணக்கு. நெகிழி தின்னும் நொதியான பெட்டேஸ் நல்ல உதாரணம். 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஐடியோனெல்லா சாகையென்சிஸ் என்ற பாக்டீரியத்தில் இதைக் கண்டறிந்து வெளியிட்டதிலிருந்து மாணவர் குழுக்கள் இதை எடுக்காத ஆண்டே இல்லை என்று சொல்லலாம். இந்த நொதியில் இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்கள் இணைவது) உண்டு. ஈ.கோலையின் உட்பகுதியான சைட்டோபிளாசம் அத்தகைய பிணைப்பு உண்டாவதற்குத் தோதான இடமில்லை. வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் நடுவிலுள்ள பெரிப்பிளாசமே தோதானது. அங்கே அனுப்ப முன்னால் ஒரு சமிக்ஞைத் துண்டு வேண்டும், அல்லது சைட்டோபிளாசத்திலேயே இப்பிணைப்பு உருவாகும்படி மாற்றப்பட்ட ஈ.கோலைத் திரிபை (வகையை) எடுக்க வேண்டும். போதாததற்கு, வேலை நடக்க வேண்டிய இடம் செல்லுக்கு வெளியே. பெட் நெகிழித் துண்டு செல்லுக்குள் போகாதே. அந்த பாக்டீரியத்தின் சொந்தச் சமிக்ஞைத் துண்டை ஈ.கோலை ஒழுங்காகக் கண்டுகொள்ளும் என்று நம்பி அப்படியே விட்டுவைத்த பாகம், அதை நீக்கிய பாகம், பெரிப்பிளாசத்துக்கு அனுப்பும் பெல்-பி துண்டு பொருத்திய பாகம் எல்லாம் ‘பெட்டேஸ்’ என்ற ஒரே பெயரில் உலவும். பெயர் ஒன்று, பொருள் மூன்று.

இதே நொதியில் தேர்வைப் பற்றிய இன்னொரு பாடமும் இருக்கிறது. பெட்டேஸ் 30 டிகிரியை ஒட்டி வேலை செய்வது. பெட் நெகிழியின் சங்கிலிகள் தளர்வதோ 70 டிகிரியை நெருங்கும்போதுதான். இலைமக்குரத்தில் கிடைத்த டிஎன்ஏவிலிருந்து வந்த எல்சிசி என்ற கியூட்டினேஸை (இலையின் மேற்பூச்சிலுள்ள கியூட்டினைச் சிதைக்கும் நொதி) மாற்றியமைத்து, 72 டிகிரியில் ஓட்டி, முன்பதப்படுத்திய பெட்டை 10 மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சிதைத்ததாக 2020-இல் ஒரு பிரெஞ்சுக் குழு காட்டியது. தொட்டியில் சூடாக்கிச் சிதைப்பது உங்கள் திட்டம் என்றால் எல்சிசி வழி. உயிருள்ள ஈ.கோலையே வெளியே விட்டுச் சிதைக்க வேண்டும் என்றால் 72 டிகிரியில் அது செத்துப்போகும். பெட்டேஸும் அதன் மாற்றுவடிவங்களும்தான் கதி. ‘எது சிறந்த நொதி’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதில் வராது.

துணைக்காரணி விஷயத்தில் ஏமாறுவோர் இன்னும் அதிகம். தாவரங்களின் சைட்டோகுரோம் பி450 நொதிகளுக்கு இரும்பு கொண்ட ஹீம் வேண்டும், எலக்ட்ரான் கொடுக்கும் துணை நொதி ஒன்று வேண்டும், பெரும்பாலானவை எண்டோபிளாச வலையின் சவ்வில் நங்கூரமிட்டு நிற்பவை. ஈ.கோலையில் அந்தச் சவ்வே கிடையாது. முனையை வெட்டி, மாற்றி ஓட வைத்தவர்கள் உண்டு. ஆனால் பி450 என்று பார்த்ததும் ஈஸ்டைப் பற்றி யோசிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். நீல நிற இண்டிகாய்டின் செய்யும் நொதி வேறு மாதிரி. மரபணு சரி, புரதமும் சரியாக மடிந்திருக்கும், ஆனால் பாஸ்போபான்டெதீன் என்ற ஒரு சிறு கையை அதன்மேல் வேறொரு நொதி பொருத்தும்வரை அது சும்மா இருக்கும். ஈ.கோலையின் சொந்த நொதி சில சமயம் அதைச் செய்துகொடுக்கும், எல்லாவற்றுக்கும் செய்யும் என்று நம்ப முடியாது. அதனால்தான் பாசில்லஸ் சப்டிலிசிலிருந்து வந்த எஸ்எஃப்பி என்ற பாகத்தைக் கூடவே வைக்கிறார்கள். அந்தத் துணைப் பாகம் இல்லாமல் இண்டிகாய்டின் பாகத்தை மட்டும் வாங்கி, நிறம் வரவில்லை என்று வரிசையைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

சின்னதாக ஒன்று. பழைய பாகங்கள் சிலவற்றின் கடைசியில் எல்விஏ என்ற சிதைவு வால் சேர்த்திருக்கும். செல்லின் கிளிப்எக்ஸ்பி இயந்திரம் அதைப் பார்த்ததும் புரதத்தை அரைத்துவிடும். விரைவாக அணைய வேண்டிய சுற்றுகளுக்காகச் சேர்த்தது அது. பாக்டீரியாக்களுக்கிடையே செய்தி கடத்தும் பொருளைச் செய்யும் லக்ஸ்-ஐ நொதியில் வால் உள்ளது, இல்லாதது என்று இரு வடிவமும் உண்டு. உற்பத்திக்கு வால் உள்ளதை எடுத்தால் ஓட்டைக் குடத்தில் நீர் சேர்க்கும் கதைதான்.

நொதிப் பாகம் என்றதும் நிறம், மணம், மருந்து என்றுதான் மனம் போகும். உலகில் மிக அதிகம் பயன்படும் நொதிப் பாகங்கள் பாகங்களைச் செல்லுக்குள் சுமந்துசெல்லும் வட்ட டிஎன்ஏவான உங்கள் பிளாஸ்மிடிலேயே இருக்கின்றன: நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணுக்கள். ஆம்பிசிலினைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் செல்லிலிருந்து வெளியே கசியும். தட்டில் ஒரு பெரிய காலனியைச் சுற்றி மருந்து தீர்ந்துபோய், பிளாஸ்மிடே இல்லாத குட்டிக் காலனிகள் வட்டமாக முளைக்கும். குளோராம்பெனிகால் எதிர்ப்பைத் தரும் கேட் நொதி இன்னும் சுவாரசியம். அசிட்டைல் கோஏவிலிருந்து ஒரு அசிட்டைலை எடுத்து மருந்தின்மேல் ஒட்டுவது அதன் வேலை. ஆனால் அருகில் ஐசோபியூட்டனால் போன்ற ஆல்கஹால் இருந்தால் அதன்மேலும் ஒட்டி, பழ வாசனை தரும் எஸ்டரை உண்டாக்கும்! எஸ்டர் செய்யும் நொதி ஒன்றைப் பரிசோதிக்கும்போது குளோராம்பெனிகால் பிளாஸ்மிடைப் பயன்படுத்தினால், உங்கள் நொதி இல்லாத செல்லிலும் கொஞ்சம் எஸ்டர் வரக்கூடும். வெற்றுப் பிளாஸ்மிட் கொண்ட ஒப்பீட்டை யாராவது விட்டுவிட்டிருந்தால் அவர்களுடைய எண்களை நான் ஏற்பதில்லை, காரணம் இதுமாதிரி விஷயங்கள்தான்.

அதைவிட நல்ல ஒப்பீடு செத்த நொதி. வினைமையத்திலுள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய அதே மரபணு. பெட்டேஸில் 160-ஆம் இடத்துச் செரினை அலனினாக மாற்றினால் போதும். அதே நீளம், அதே அளவு புரதம், செல்லுக்கு அதே சுமை. வினை மட்டும் இருக்காது. இப்படியொரு ஒப்பீட்டோடு அளந்த பாகம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நொதியை அளப்பது எப்படி இருக்கும் என்று ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்லும் பாகம் இது. சூடோமோனாஸ் புட்டிடாவிலிருந்து வந்த சைல்-இ, அதாவது கேட்டகால் 2,3-டைஆக்சிஜனேஸ். தட்டில் வளர்ந்த காலனியின்மேல் நிறமற்ற கேட்டகால் கரைசலைத் தெளித்தால் சில நிமிடங்களில் காலனி பளீரென்று மஞ்சளாகும். கேட்டகாலின் வளையத்தை ஆக்சிஜன் கொண்டு திறந்து, 375 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் பொருளாக மாற்றுவதால் வரும் நிறம் அது. செல்லை உடைத்த நீரைக் குவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு கலத்தில்) விட்டு, கேட்டகால் சேர்த்து, உறிஞ்சல் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பார்த்தால் நொதியின் செயல்பாடு நேரடியாகக் கிடைக்கும். இதிலும் பொறி உண்டு. கேட்டகால் காற்றில் தானாகவே மெல்லப் பழுப்பாகும்; பழுப்பை மஞ்சள் என்று எண்ணிக்கொண்டால் செல்லே இல்லாத குவெட்டும் ‘வேலை செய்யும்’. நொதியின் வினைமையத்தில் இருக்கும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி செயலிழக்கும். அதனால் உடைத்த நீரை நேற்று எடுத்து வைத்து இன்று அளந்தால் எண் விழுந்திருக்கும்; தாங்கல் கரைசலில் 10 சதவீதம் அசிட்டோன் சேர்ப்பது இதைத் தள்ளிப்போடும் பழைய உத்தி. நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே பிளாஸ்மிடிலிருந்து வந்தவையே என்பதை மறக்க வேண்டாம். கேட்டகால் நச்சு, கையுறை கட்டாயம்.

இத்தனையும் ஒரு நொதிக்கு. பாதை (பல நொதிகள் அடுத்தடுத்துச் செய்யும் தொடர்வினை) என்று வந்தால் நொதிகளுக்கு இடையே உள்ள விகிதம்தான் எல்லாம். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினின் முன்பொருளை ஈஸ்டில் செய்த கதை அடிக்கடி சொல்லப்படும். ஜே கீஸ்லிங்கின் குழு 2006-இல் வெளியிட்டபோது லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் இருந்தது. 2013-இல் லிட்டருக்கு 25 கிராம் ஆனது. அந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு வகித்தவை பி450-க்குப் பக்கபலமாக வந்த பாகங்கள்: சைட்டோகுரோம் பி5 ஒன்று, இடைப்பொருளை அடுத்தடுத்த படிக்குக் கொண்டுபோகும் இரண்டு டீஹைட்ரஜனேஸ்கள். ஈ.கோலையில் மெவலோனேட் பாதையைப் போட்டபோது எச்எம்ஜி-கோஏ என்ற இடைப்பொருள் தேங்கி செல்லின் வளர்ச்சியைத் தடுத்தது. முன்னால் இருக்கும் நொதி வேகமாக ஓடி, பின்னால் இருப்பது மெதுவாக ஓடினால் நடப்பது அதுதான். 2009-இல் அந்தப் பாதையின் மூன்று நொதிகளை தாங்குசட்டமாக நிற்கும் ஒரு புரதத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மெவலோனேட்டை 77 மடங்கு கூட்டினார்கள். மரபணு எதையும் ‘சிறந்ததாக’ மாற்றாமலே வந்த பலன்.

மூலப்பொருள் செல்லில் இருக்கிறதா என்பதை மறந்துவிடுகிறார்கள். ஊதா நிற வயோலசீனுக்கான ஐந்து மரபணுக்கள் டிரிப்டோபேனில் தொடங்குகின்றன, அது எந்தச் செல்லிலும் உண்டு. அதனால்தான் அந்தத் தொகுப்பு இவ்வளவு எளிதாக ஓடுகிறது. 2009-இல் கேம்பிரிட்ஜ் மாணவர் குழு அதில் ஒரே ஒரு மரபணுவை நீக்கி ஊதாவுக்குப் பதில் கரும்பச்சை நிறத்தை எடுத்தது. ஆனால் ‘உண்டு’ என்பதும் ‘போதுமான அளவு உண்டு’ என்பதும் ஒன்றல்ல. நறுமண அமினோ அமிலப் பாதையின் முதல் நொதியான ஏரோஜி, விளைபொருள் சேர்ந்ததும் தானே அடங்கிவிடும். அந்தத் தடையை உணராதபடி மாற்றிய ஏரோஜி வடிவம் பட்டியல்களில் கிடைக்கும். நிறம் வெளிறித் தெரிந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது.

பல நொதிகள் கொண்ட பாதையைக் கட்டும்போது கடைசி நொதியில் தொடங்கி, படிப்படியாக முதல் நொதியை நோக்கி வாருங்கள். 2006-இல் எம்ஐடி மாணவர் குழு ஈ.கோலையை வாழைப்பழம் போலவும் வின்டர்கிரீன் இலை போலவும் மணக்க வைத்தது இப்படித்தான். வின்டர்கிரீன் மணமுள்ள மெத்தில் சாலிசிலேட்டைச் செய்யும் பிஎஸ்எம்டி1 நொதி பெட்டூனியாச் செடியிலிருந்து வந்தது. அதை மட்டும் போட்டு, சாலிசிலிக் அமிலத்தைச் செல் வளரும் ஊடகத்தில் கலந்து கொடுத்தார்கள். மணம் வந்தது, கடைசிப் படி சரி. பிறகு சாலிசிலிக் அமிலத்தைச் செல்லே செய்துகொள்ள, சூடோமோனாஸ் ஏரூஜினோசாவின் இரண்டு நொதிகளைச் சேர்த்தார்கள். வாழைப்பழ மணத்துக்கு ஈஸ்டின் ஏடிஎஃப்1. அதற்கு முதலில் ஐசோஅமைல் ஆல்கஹாலை வெளியிலிருந்து கொடுத்தார்கள். ஈ.கோலையின் சொந்த நாற்றத்துக்குக் காரணமான இண்டோலை உண்டாக்காத திரிபையும் தேடி எடுத்தார்கள், இல்லாவிட்டால் எந்த மணமும் மூக்குக்கு எட்டியிருக்காது. ஒவ்வொரு படியிலும் மூலப்பொருளை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு முந்தைய படியைச் சேர்த்தால், மணம் நின்றுபோகும் இடத்தில் எந்தப் பாகம் காரணம் என்று தெரிந்துவிடும். மூன்றையும் ஒரே நாளில் கோத்துப் போட்டு மணம் வரவில்லை என்றால், மூன்றில் எது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பிரித்து மறுபடி இதே வரிசையில்தான் வர வேண்டியிருக்கும்.